சமைத்தவருக்கும் ஓர் இலை

பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ், விடியும் முன்பே தொடங்கிவிடும். ஊசிக்கோபுரத் தேவாலயத்து மணிச்சத்தம் கேட்டு, இருட்டோடு இருட்டாக ஆராதனைக்குப் போய்த் திரும்பினால் காலையில் இட்லியும் கறிக்குழம்பும். பெரிய விருந்து இரவில்தான். பெரியப்பா குடும்பம், மாமா வீட்டார், அப்பாவின் அலுவலக நண்பர்கள் என்று இருபது பேருக்குக் குறையாது. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்த அம்மா, "நீங்க உக்காருங்க மைனி, நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன்" என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறுவார். இரவு பதினோரு மணிக்கு அண்டாவின் அடியில் ஒட்டிய சோற்றைச் சுரண்டித் தட்டில் போட்டுக்கொண்டு, அடுப்படித் தரையில் உட்காருவார். அதைத் தியாகம் என்று புகழ்ந்தோம். வீட்டில் இத்தனை பேர் இருந்தும் வேலையைப் பிரித்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை.

இன்று அதே விருந்தை நான் நடத்துகிறேன். எனக்கு இருக்கும் ஒரே கணக்கு, சமைத்தவர் முதல் பந்தியிலேயே உட்கார வேண்டும் என்பது. மற்ற எல்லா ஏற்பாடும் அதிலிருந்துதான் வருகிறது.

முதல் வேலை சமையல் அல்ல, விசாரிப்பு. டிசம்பர் 25 சபரிமலை மண்டல காலத்தில் வரும் நாள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி மாலை போட்டிருப்பார். அவருக்கு வெங்காயம், பூண்டு ஆகுமா என்பதுவரை கேட்டுவிடுங்கள். அவருக்கான சாம்பாரும் பொரியலும் கறி அடுப்பில் ஏறும் முன்பே, தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு முடிந்திருக்க வேண்டும். இஸ்லாமிய நண்பர் வருவதாக இருந்தால் கறியை ஹலால் கடையில் வாங்குங்கள். வாங்கிய விவரத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இலையின் முன் உட்கார்ந்தபின் விருந்தாளி தயங்கித் தயங்கிக் கேட்கும் நிலை வரக் கூடாது.

அடுத்தது பிரியாணிக்கான அளவு. ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு ஒன்றேகால் கிலோ எலும்போடு சேர்ந்த ஆட்டுக்கறி போட்டால் எட்டு முதல் பத்துப் பேர் திருப்தியாகச் சாப்பிடலாம். இருபது பேருக்கு இரண்டு கிலோ அரிசி. ஆனால் இரண்டு கிலோவையும் ஒரே அண்டாவில் போடாதீர்கள். வீட்டு அடுப்பின் தீ அவ்வளவு பெரிய பாத்திரத்தின் விளிம்புவரை எட்டாது. நடுவில் அடிப்பிடிக்கும், ஓரத்தில் அரிசி வேகாமல் நிற்கும். அடிகனமான இரண்டு பாத்திரங்களில் ஒவ்வொரு கிலோவாகப் போடுவதே சரி. மாற்று சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று முந்தின வாரமே பார்த்துவிடுங்கள். கறிக்கடையிலும் இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்தால்தான் தொடை, நெஞ்செலும்பு, சாப்ஸ் மூன்றும் கலந்து கிடைக்கும்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். எட்டு மணிக்குப் பந்தி என்றால் ஏழரைக்கு தம் இறக்கியிருக்க வேண்டும். அப்படியானால் ஆறே முக்காலுக்கு அரிசி உள்ளே போக வேண்டும். ஆறேகாலுக்கு அதை ஊறவைக்க வேண்டும். சீரகச் சம்பாவுக்கு அரை மணி நேர ஊறல் போதும், அதற்கு மேல் போனால் கிளறும்போது உடையும். கறியை மதியமே குக்கரில் முக்கால் வேக்காடு வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். அந்தக் கறித் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அரிசிக்கு அளந்து ஊற்றும் தண்ணீரில் அதையும் சேர்த்துத்தான் கணக்கு. தண்ணீர் வற்றி அரிசி மட்டத்துக்கு வந்ததும், அடியில் தோசைக்கல் வைத்து, மூடிமேல் கனம் ஏற்றி, சிறு தீயில் இருபது நிமிடம். அணைத்தபின் பத்து நிமிடமாவது மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் சமைத்தவர் முகம் கழுவிப் புடவை மாற்றும் நேரம். அதையும் தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இஞ்சி பூண்டு விழுது, வறுத்த வெங்காயம் முந்தின நாள் வேலை. எண்ணெய்க் கத்திரிக்காய் மதியம் செய்தால் இரவுக்குள் புளியும் காரமும் இறங்கி இன்னும் நன்றாக இருக்கும். தயிர் வெங்காயம் மட்டும் கடைசி அரை மணியில்தான். முன்பே கலந்தால் நீர் விட்டுவிடும். இனிப்புக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் டின்னில் இருக்கும், கேக் இருக்கும்.

இலை போடுவது, தண்ணீர் வைப்பது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றை ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் சொல்லியே பிரித்துக் கொடுக்கிறேன். "யாராவது வாங்க" என்று பொதுவாகக் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. எங்கள் வீட்டில் பிரியாணி பரிமாறுவது என் தம்பி. முதல் வருடம் தடுமாறினான். இப்போது அவன் கரண்டி அளவை யாரும் குறை சொல்வதில்லை.

மீந்ததை அன்றிரவே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மார்கழிக் குளிரை நம்பிக் காலைவரை மூடி வைப்பது ஆபத்து.

அம்மாவுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. போன கிறிஸ்துமஸிலும் பழக்க தோஷத்தில் அடுப்படிப் பக்கம் எழுந்து போனார். கையைப் பிடித்து அழைத்துவந்து பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். சூடான பிரியாணியை வாயில் வைத்தவர், "உப்பு சரியா இருக்கு" என்றார்.

இந்தப் பண்டிகைக்கு விருந்தாளிகளின் எண்ணிக்கையை எழுதும்போது, உங்கள் வீட்டில் சமைப்பவரின் பெயரை முதலில் எழுதுங்கள்.