எந்தப் பசுவோட கன்னு?

தை முதல் நாள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. நின்று விளையாடும் காளையைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர்கள் விலையைக் கேட்பதில்லை. எந்தப் பசு ஈன்றது, பொலிகாளை எது என்றுதான் விசாரிப்பார்கள். இந்த வம்சக் கணக்கைக் கணினியில் ஏற்றினால் என்ன ஆகும்?

தாய்களுக்குத் தனி அட்டவணை, பாட்டிகளுக்கு இன்னொன்று என்று போட முடியாது. தாயும் மாடுதானே! ஆகவே ‘மாடு’ என்று ஒரே அட்டவணை. காதில் மாட்டும் மஞ்சள் அட்டையின் 12 இலக்க எண்ணே மாட்டின் அடையாளம். ‘தாய்_எண்’ என்ற நெடுவரிசையில் இருப்பதும் அதே அட்டவணையின் வேறொரு வரிசையின் எண்.

வரிசைகளை நிரலுக்குள் பொருள்களாக்கித் தருவது ஓஆர்எம். உரிமையாளர், மாடு என இரண்டு அட்டவணைகள் இருந்தால் எது எந்தப் பக்கம் என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். இங்கே இரண்டு பக்கமும் மாடு. பைத்தானின் எஸ்க்யூஎல்அல்கெமி என்ற ஓஆர்எம் நூலகம், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கன்றுகளின் திசையையே எடுத்துக்கொள்கிறது. தாயைக் கேட்டால் கன்றுகளின் பட்டியல் வரும். ‘ரிமோட்_சைட்’ என்ற இடத்தில் மாட்டின் எண்ணைக் குறித்தால்தான் மேல்நோக்கிப் பார்க்கும். புதிதாக எழுதுபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

‘தந்தை_எண்’ணும் சேர்ந்தால் ஒரே அட்டவணைக்கு இரண்டு வழிகள். எந்த உறவுக்கு எந்த நெடுவரிசை என்று சொல்லாதவரை அந்த நூலகம் பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நிற்பதே நல்லது என்பேன். பைத்தானின் இன்னொரு கருவியான ஜாங்கோவின் ஓஆர்எம்மில் ‘செல்ஃப்’ என்று எழுதினால் போதும். ஆனால் கன்றுகளைத் திருப்பி அழைக்க ஒவ்வொரு வழிக்கும் தனிப்பெயர் வேண்டும்.

இரண்டு நெடுவரிசைகளும் காலியாக இருக்க அனுமதி தேவை. பட்டியலின் முதல் பசுவுக்குத் தாய் பதிவில் இருக்காது. கிடையில் மேயும் புலிக்குளம் மாடுகளில் தாய் தெரியும். தகப்பன் எது என்பது பல சமயம் மேய்ப்பவருக்கே தெரியாது.

மாடு.தாய்.தாய் என்று ஏற ஏற, ஒவ்வொரு புள்ளிக்கும் தரவுத்தளத்துக்கு ஒரு நடை. மொத்த வம்சத்தையும் ஒரே நடையில் எடுக்க, 1999-ன் எஸ்க்யூஎல் தரத்தில் வந்த ‘வித் ரிகர்சிவ்’ இருக்கிறது. ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டால் பசு தனக்கே பாட்டியாகிவிடலாம். எண் பட்டியலில் இருக்கிறதா என்பதோடு தரவுத்தளத்தின் சோதனை முடிந்துவிடுகிறது. இந்தத் தவறு அதில் சிக்காது; வினவல் சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணை மட்டும் எடுத்து, ‘யூனியன் ஆல்’ போடும் இடத்தில் வெறும் ‘யூனியன்’ போட்டால், வந்த எண் மறுபடி வரும்போது சுற்று அறுந்துவிடும்.