பால்பல்லில் அடிபட்டால்

“விழப்போகும் பல்தானே” என்று பெற்றோர் ஆறுதல் கொள்வதுண்டு. ஆனால் முன்பால்பல்லின் வேரை ஒட்டியே, தாடை எலும்புக்குள் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஓடிப் பழகும் 2 வயதுக் குழந்தை விழுந்து, மேல் முன்பல் ஈறுக்குள் புதையுமானால், அந்த இளம்பல்லும் காயமுறலாம். பாதிப்பு உடனே புலப்படாது. 7 வயதளவில் முளைக்கும் பல்லில் வெண்மையான அல்லது பழுப்பான திட்டாகவோ, எனாமல் குறைபாடாகவோ, அரிதாக வளைந்த வேராகவோ வெளிப்படும்.

அடிபட்ட பின் பல்லைக் காணவில்லையெனில், விழுந்துவிட்டதென முடிவு செய்யாதீர்கள். உள்ளே புதைந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டும். கழன்று விழுந்த பால்பல்லை மீண்டும் பொருத்தக் கூடாது. உள்ளிருக்கும் பல்லுக்கு அது ஊறு செய்யலாம். (நிரந்தரப் பல்லாயின் நேர்மாறு: பாலில் இட்டு உடனே கொண்டு வாருங்கள்.) அடிபட்ட நாளைக் குறித்து வையுங்கள், ஆண்டுகள் கழித்தும் பல் மருத்துவர் அதைக் கேட்பார்.