கணக்கு வாத்தியார் கடன் வாங்கின பீரியட்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எங்களுக்கு மியூஸிக். டைம்டேபிளில் அப்படித்தான் போட்டிருக்கும். மணி அடித்ததும் வாசலில் நிழல் ஆடும். 'பாட்டு டீச்சர்!' என்று நாற்பது தலைகள் நிமிரும். உள்ளே வருவது கணக்கு சார்.

''இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கடன் வாங்கிக்கறேன். தேற்றம் பாக்கி இருக்கு!''

அந்த 'ஒரு நாள்' வருஷம் முழுக்க வந்தது. வாங்கின கடனை அவர் திருப்பிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. இன்றைக்கு நான் ஓர் ஆபீஸில் கடன் வசூல் செக்‌ஷனில் குப்பை கொட்டுகிறேன். எட்டணா பாக்கியைக்கூட விட்டதில்லை. அந்த ஒரு பாக்கியைத் தவிர!

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். சைக்கிளை எடுத்து எந்தத் திசையில் மிதித்தாலும் சங்கீதத்தின் மேல்தான் போய் முட்டவேண்டும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. பக்கத்திலேயே ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை. கொஞ்சம் தெம்பிருந்தால் திருவாரூர். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் பிறந்த ஊர். இப்படி ஒரு சீமையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் வெள்ளிக்கிழமை தோறும் பித்தாகரஸை மனப்பாடம் செய்தோம்.

கணக்கு சார் லீவு போட்ட நாட்களில் பாட்டு டீச்சர் வருவார். அபூர்வமாக வந்தாலும் ஒரு நல்ல காரியம் செய்தார். எங்களுக்கு நோட்டுஸ்வரம் சொல்லிக் கொடுத்தார். ராணுவ பாண்டு மாதிரி டக் டக்கென்று போகும். பெஞ்சு மேல் ஏறி மார்ச் பண்ணாத குறை. அது முத்துசுவாமி தீட்சிதர் செய்தது, இங்கிலீஷ்காரன் மெட்டுகளுக்கு சமஸ்கிருத வார்த்தை போட்டார், இங்கிலாந்து ராஜ வாழ்த்து மெட்டில்கூட ஒன்று இருக்கிறது என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் பாட இதைவிட லட்டு மாதிரி வேறென்ன வேண்டும்?

★ ★ ★

கடைசி பெஞ்சில் என் சிநேகிதன் ஒருத்தன் இருந்தான். பெரிய மேளக் குடும்பம். அப்பா தவில். இவன் விரல் சும்மா இருக்காது. டெஸ்க்கில் 'தகிட தகதிமி, தகிட தகதிமி' என்று ஓடிக்கொண்டே இருக்கும். கணக்கு சார் அந்த விரல்களைக் குறி பார்த்து ஸ்கேலால் போடுவார்.

''கணக்கு பீரியட்ல என்னடா தாளம்?''

பாவம், சாருக்குத் தெரியவில்லை. பயல் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தான்! 'தகிட தகதிமி' ஏழு அட்சரம். ஆதி தாளம் எட்டு அட்சரம். ஏழை எட்டுக்குள் ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இடறும், விலகும். ஏழு ஆவர்த்தம் ஓடி, 56 அட்சரம் முடிகிறபோதுதான் இரண்டும் கைகோத்துக்கொண்டு சமத்தில் வந்து இறங்கும். இதைத்தான் கரும்பலகையில் 'மீ.பொ.ம' என்று எழுதி, புரியாமல் விழித்த எங்களை சார் திட்டிக்கொண்டிருந்தார். அவன் அதை விரலால் செய்து காட்டினான். அடி வாங்கினான்.

எட்டாவதோடு அவன் படிப்பு நின்றது. ''கை இறுகறதுக்குள்ள உட்காரணும்'' என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தவிலும் நாதஸ்வரமும் பி.காம். முடித்துவிட்டு ஆற அமரக் கற்றுக்கொள்கிற சமாசாரமில்லை. விடியற்காலையில் எழுந்து மணிக்கணக்கில் சாதகம் பண்ண வேண்டும். அதே வயதில்தான் ஸ்கூலும் பிள்ளையின் முழு நாளையும் கேட்கிறது.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். வெளுத்து வாங்கினான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது சொன்னான்:

''வாசிப்புக்குக் குறைச்சல் இல்லடா. ஆனா பாங்க்ல ஒரு பாரம் நிரப்பணும்னா பையனைக் கூப்பிட வேண்டியிருக்கு.''

எனக்குப் பாரம் நிரப்பத் தெரியும். அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி படிப்பு!

★ ★ ★

அவன் பையன் இப்போது எட்டாவது. தவிலில் பிரமாதமாகக் கை பேசுகிறது. முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே முச்சந்தி. பள்ளிக்கூடமா, தவிலா?

வழி இல்லாமலில்லை. அரசாங்கத்தின் கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை நடத்துகிறது. நம்ம பக்கம் திருவாரூரில் ஒன்று, சீர்காழியில் ஒன்று. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடம். மூன்று வருஷம். 12 வயசிலிருந்து 25 வரை சேரலாம். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் தேவாரத்துக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். மற்றதற்கு ஏழாவது பாஸ். மேலே படிக்க, 1965-ல் ஆரம்பித்த திருவையாறு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் இசைப்பள்ளி முழுநேர வகுப்பு. பன்னிரண்டு வயசுப் பையன் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்கூலில் 'உள்ளேன் ஐயா' சொல்ல முடியுமா?

அப்படியானால் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சங்கீதம் வரவேண்டும். அரசு முயற்சி செய்யாமலில்லை. 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டார்கள். ஓவியம், விளையாட்டு, தையல், கம்ப்யூட்டரோடு இசைக்கும் ஆள் வந்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2022-லிருந்து கலைத் திருவிழாவும் நடந்திருக்கிறது. பறையும் கரகமும் நாட்டியமும் மேடை ஏறி, பிள்ளைகள் பின்னி எடுக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் காலை? பத்தாவது பரீட்சையில் ஐந்து பாடம், 500 மார்க். பாட்டுக்கு அதில் முட்டை. மார்க் இல்லாத பீரியட் சுவரில்லாத தோட்டம். எந்த மாடும் மேயலாம்!

நம்மூர் வித்வான்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் போய் வாசிப்பது பழைய வழக்கம். என் சிநேகிதனும் ஒரு தடவை போனான். வந்ததும் கேட்டான்:

''அங்கெல்லாம் சங்கீதம் ஒரு பரிட்சைப் பாடம், தெரியுமா ஒனக்கு?''

வாஸ்தவம். இலங்கையில் பதினோராவது முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதமும் பரதமும் எடுத்துப் படிக்கலாம். அது போதாதென்று 1931-ல் ஆரம்பித்த வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருகிறது. அந்த பீரியடைக் கணக்கு வாத்தியார் அவ்வளவு சுலபமாகக் கடன் வாங்க முடியாது. பாட்டு டீச்சரும் ரிசல்ட் காட்ட வேண்டுமே!

நம்மூரிலும் மார்க் போடலாமா? எனக்குச் சின்ன பயம். மறு வாரமே சரளி வரிசைக்கு நோட்ஸ் வந்துவிடும். 'முக்கியக் கேள்வி: மாயாமாளவகௌளை, ஐந்து மார்க்' என்று டியூஷன் ஆரம்பித்துவிடுவார்கள். நான் கேட்பது ரொம்பச் சின்னது. வாரத்தில் அந்த ஒரு பீரியடை விட்டுவிடுங்கள். ஊரில் இருக்கிற நாதஸ்வரக்காரரையோ பறை அடிப்பவரையோ கூப்பிட்டு உட்காரவையுங்கள். மேளக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைக்கும் ஒரு தடவை தவிலைத் தொட்டுப் பார்க்கிற பாக்கியம் கிடைக்கட்டும்.

என் சிநேகிதன் பையன் விஷயம் என்ன ஆச்சு? பகலில் ஸ்கூல், காலையும் மாலையும் அப்பாவிடம் பாடம் என்று முடிவாகியிருக்கிறது. ''பத்தாவது முடிக்கட்டும். பாரம் நிரப்பட்டும். அப்புறம் பார்க்கலாம்'' என்கிறான். பையனுக்கு அப்பா இருக்கிறார். அப்பாவுக்குத் தவில் தெரியாத பையன் எங்கே போவான்?

கூடவே ஒரு புது மாணவனும் சேர்ந்திருக்கிறான். வயது நாற்பத்தெட்டு. திண்ணையில் ஒரு பலகையைப் போட்டு 'தா தி தொம் நம்' என்று குச்சியால் தட்டிக்கொண்டிருக்கிறான். தப்பு வந்தால் எட்டாங் கிளாஸ் பயல், ''அங்கிள், காலம் ஓடுது'' என்று அதட்டுகிறான்.

கிளாஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. அதனால் வாராவாரம் மேனேஜர் ரூமுக்குப் போய் நிற்கிறேன்.

''சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஒரு மணி நேரம் கடன் வாங்கிக்கறேன்!''