சிக்னல் முழுசா இருக்கு, நெட் மட்டும் ஏன் நகர மாட்டேங்குது?

கோலா சுங்கை பாருவில் கடற்கரைப் பக்கமோ, உள்ளே செம்பனைத் தோட்டத்துப் பக்கமோ, டேட்டா படுத்துவிட்டால் முதலில் திட்டு வாங்குவது டவர்தான். "இங்க லைனே சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் சிக்னல் முழுசாக இருந்தும், நன்றாக ஓடிய வீடியோ நடுவிலேயே மங்கலானால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வேகத்தை ஒரு விதி குறைத்திருக்கலாம்.

அந்த விதியைப் போடுவது ஒரு கணினி. 4ஜி கட்டமைப்பில் அதன் பெயர் பி.சி.ஆர்.எஃப். நீங்கள் டேட்டாவை ஆன் செய்ததும், இணையத்துக்குப் போகும் வாசலில் நிற்கும் கேட்வே, "இவருக்கு என்ன வேகம், எதற்கு அனுமதி?" என்று அதனிடம் கேட்கிறது. இந்தக் கேள்வியும் பதிலும் போய்வரும் பாதைக்கு ஜி.எக்ஸ் என்று பெயர்.

காசுக் கணக்கு வேறு பாதை. அது ஜி.ஒய். ப்ரீபெய்ட் ஆட்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் 10 ஜிபி வாங்கினாலும், கட்டணக் கணினி அதை மொத்தமாகக் கேட்வேயிடம் கொடுப்பதில்லை. கடைக்காரர் அரிசியைப் படி படியாக அளப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தரும். ஒரு பங்கு தீர்ந்ததும் கேட்வே மறுபடி போய்க் கேட்கும். செயலியில் காட்டும் மீதி சில நேரம் முன்னே பின்னே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோட்டா தீர்ந்ததும் கட்டணக் கணினி, எஸ்.ஒய் என்ற இன்னொரு பாதை வழியாக பி.சி.ஆர்.எஃப்-க்குச் சொல்கிறது. அது உடனே கேட்வேக்குப் புது விதி அனுப்புகிறது. இணைப்பு அறுவதில்லை, வேகம் மட்டும் விழுகிறது. டாப்-அப் செய்ததும் போனை ஆஃப் பண்ணாமலேயே வேகம் திரும்புவதும் இதே வழியில்தான்.

நெட் ஊர்ந்தாலும் சாதாரண அழைப்பு மட்டும் தெளிவாகக் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். 4ஜி-யில் வோல்ட்டி அழைப்பு தொடங்கும்போது, குரல் சேவைக் கணினி ஆர்.எக்ஸ் பாதையில் பி.சி.ஆர்.எஃப்-ஐத் தட்டி, குரலுக்கென்று உத்தரவாதமான தனிப் பாதை கேட்கிறது. வாட்ஸ்அப் அழைப்புக்கு பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. யூடியூபோடு அதே வரிசையில் நிற்க வேண்டியதுதான். அவசரமாக வீட்டுக்குப் பேச வேண்டுமா? நேராக நம்பரைப் போட்டுக் கூப்பிடுங்கள்.

5ஜி-யின் சொந்தக் கோர் கட்டமைப்பில் பி.சி.எஃப், சி.எச்.எஃப் என்று பெயர்கள் மாறின, வேலை மாறவில்லை. மலேசியாவில் 2021 டிசம்பரில் டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் தொடங்கிய 5ஜி-யில் டவர் பொது. ஆனால் உங்கள் விதியும் கணக்கும் உங்கள் நிறுவனத்தின் கோரில்தான் இருக்கின்றன. அதனால் ஒரே டவரின் கீழ் நிற்கும் இரண்டு நண்பர்களுக்கு இரண்டு வேகம் கிடைத்தால் ஆச்சரியமில்லை.

இதே கருவிகளை வைத்து ஒரு செயலியை இலவசமாக்கி, இன்னொன்றுக்குக் காசு வாங்கவும் முடியும். இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய், 2016 பிப்ரவரியில் அப்படிப் பாகுபாடு காட்டும் டேட்டா கட்டணங்களைத் தடை செய்தது. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அங்கே நின்றது அதனால்தான். 'இலவசம்' என்று வரும் சலுகையில், எந்தச் செயலியை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு நிமிடம் பார்ப்பதில் தப்பில்லை.

சரி, குற்றவாளி டவரா, விதியா? ஒரே இடத்தில் காலை, மாலை, நள்ளிரவு என மூன்று முறை ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். எண்கள் மேலும் கீழும் ஆடி, நள்ளிரவில் ஏறினால் டவரில் கூட்டம். மூன்று முறையும் 3 எம்பிபிஎஸ் போன்ற ஒரே எண்ணில் கோடு போட்டதுபோல் நின்றால் அநேகமாக விதிதான். அப்போது திட்டத்தின் நிபந்தனைகளில் 'நியாயப் பயன்பாடு' என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். 'அன்லிமிடெட்' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, ஹாட்ஸ்பாட் வரம்பும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நிபந்தனையில் இல்லாமலே வேகம் குறைந்திருந்தால், முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி-யிடம் போகலாம். தேதியும் நேரமும் தெரியும் ஸ்பீடு டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் சேர்த்து அனுப்புங்கள்.