ஜீப்பின் அடியில் சொட்டும் எண்ணெய்

பாணேரில் யாம் குடியிருக்கும் வீதி, துகாய் தேவியின் கோயில் அமைந்த குன்றை நோக்கி மெல்ல ஏறிச் செல்வது. சென்ற ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைப் பால் வாங்கிக்கொண்டு வாசற்படியில் ஏறிய தருணத்தில், எதிர்வீட்டு அண்ணாச்சியின் ஜீப் ஆளில்லாமல் தானே பின்னோக்கி நகரக் கண்டேன். சரிவின் கீழே இரண்டு சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். நான் இட்ட கூச்சலில் அவர்கள் விலகி ஓடினர். வண்டி வீடு கட்டுவதற்காகக் குவித்திருந்த மணல் மேட்டில் மோதி நின்றது. ஒருவர்க்கும் ஊறு நேரவில்லை. ஆயினும் அன்று முழுவதும் எங்கள் வீதியில் எவர்க்கும் உணவு சரியாக இறங்கவில்லை.

அண்ணாச்சி கவனக் குறைவுடையவர் அல்லர். கைப்பிரேக்கை இழுத்துவிட்டே இறங்கினார். நாங்கள் சென்று பார்த்தபோதும் பிடி இழுத்தபடியே இருந்தது. பின் ஏன் பிரேக் பிடிக்கவில்லை? அதற்குரிய விடை, ஆறு மாதமாக அவ்வண்டியின் அடியில் சொட்டிக்கொண்டிருந்த எண்ணெயில் இருந்தது. நம் சங்க அன்பர்களிற் பலர் இந்நாளில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை வைத்திருக்கின்றனர். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கம்பாட்கி மலைப்பாதை ஏறி, கோலாப்பூர், பெளகாவி, ஹூப்ளி வழியாகத் தமிழகம் செல்கின்றனர். ஆகவே யாம் கற்ற பாடத்தை இங்கே எழுதுவது பயன்படும் என்று நம்புகிறேன். நான் ரயில்வேயில் பேரேடு எழுதும் எழுத்தன். இயந்திரம் பயின்றவன் அல்லன். கண்டதையும் கேட்டறிந்ததையும் மட்டுமே சொல்லுகிறேன்.

முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது யாது என அறிதல் வேண்டும். சாதாரண வண்டியில் எஞ்சினின் ஆற்றல் கியர் பெட்டி வழியாக இரண்டு சக்கரங்களுக்கே செல்லும். ஜீப்பிலோ, கியர் பெட்டியின் பின்னால் மற்றோர் இரும்புப் பெட்டி உண்டு. கியர் பெட்டி தரும் சுழற்சியை வாங்கி, முன் அச்சுக்கு ஒரு தண்டின் வழியாகவும், பின் அச்சுக்கு ஒரு தண்டின் வழியாகவும் பங்கிட்டு அனுப்புவது அதன் வேலை. பழைய ஜீப்பில் அதற்கெனத் தனியே இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களைச் சேர்க்கவும் விலக்கவும் பயன்படும். மற்றொன்று வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கி இழுவையை இருமடங்காக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் அமெரிக்காவில் செய்யப்பட்டன. போர் முடிந்தபின், 1945ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மஹிந்திரா நிறுவனத்தார் அவ்வகை வண்டிகளை மும்பையிலே பூட்டி விற்கத் தலைப்பட்டனர். 1985ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி ஜிப்சி வந்தது. அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பெட்டியோடு ஒட்டாமல் தனித்து நிற்க, ஒரு குறுந்தண்டு இரண்டையும் இணைக்கும். ஆகுர்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபோர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா, 2010இல் வந்து 2020இல் புத்துருப் பெற்ற தார், 2023இல் வந்த ஐந்து கதவு ஜிம்னி ஆகியவை இம்மரபின. நம் புனேயை அடுத்த ரஞ்சன்காவில் 2017 முதல் செய்யப்படும் காம்பஸ் போன்றவற்றின் அமைப்பு வேறு. அவற்றில் எஞ்சின் குறுக்காக அமைந்திருப்பதால், சிறியதொரு கோணப் பெட்டி அப்பணியைச் செய்கிறது. அச்சிறு பெட்டி கொள்ளும் எண்ணெய் மிகக் குறைவாதலின், அதில் கசிவு கண்டால் காலந்தாழ்த்தல் ஆகாது.

இப்பெட்டிக்குள் பற்சக்கரங்களோ சங்கிலியோ எண்ணெயில் நனைந்தபடி சுழலும். தண்டுகள் வெளிவரும் வாயில்களில் எண்ணெய் வெளியேறாதவாறு ரப்பர் உதடு கொண்ட வளையங்கள் பொருத்தப்பட்டிருக்கும். இவற்றையே ஆயில் சீல் என்கிறோம்.

அண்ணாச்சியின் வண்டி முல்ஷிப் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய மஹிந்திரா ஜீப். வாங்கிய சில மாதங்களிலேயே அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. ஒரு பணிமனையில் காட்டினார், சீல் மாற்றினார்கள். இரு வாரத்தில் மீண்டும் சொட்டியது, மீண்டும் மாற்றினார்கள், மீண்டும் சொட்டியது. "பழைய ஜீப் என்றால் சொட்டத்தான் செய்யும், சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள்" என்று அங்கே சிரித்துச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணாச்சியும் அதை நம்பி, அடியில் ஒரு தகரத் தட்டை வைத்துவிட்டு அமைதி கொண்டார்.

வண்டி உருண்ட மறுநாள், கட்கியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். இராணுவப் பணிமனையில் நெடுங்காலம் ஜீப்புகளோடு பழகி ஓய்வு பெற்றவர், தஞ்சைப் பக்கத்தவர். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, அடியிற் புகுந்தார். சிறிது நேரத்தில் என்னையும் அழைத்தார்.

"தம்பி, கைப்பிரேக் எங்கே இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

நான் பின்சக்கரத்தைக் காட்டினேன். அவர் தலையசைத்து மறுத்தார். இவ்வகைப் பழைய ஜீப்பில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில், பின் தண்டு வெளிவரும் இடத்திலேயே ஓர் உருளையாக அமைந்திருக்கிறது! அவ்வாயிலின் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே அவ்வுருளைக்குள் புகும். அதைக் கழற்றிக் காட்டினார். உள்ளிருந்த பிரேக் பட்டைகள் எண்ணெயில் ஊறிப் பளபளத்தன. ஆறு மாதமாகத் தட்டில் விழுந்தது வெளியே தெரிந்தது. பிரேக்கில் ஊறியதோ எவர் கண்ணிலும் படவில்லை.

"சீலை இருமுறை மாற்றினோமே ஐயா" என்று அண்ணாச்சி வருந்தினார்.

"சீல் கெட்டது உண்மைதான் அண்ணாச்சி. ஏன் கெட்டது என்று பார்த்தார்களா?" என்று கேட்டார் பெரியவர்.

பெட்டியின் மேற்புறம் சிறியதொரு மூச்சுத் துளை உண்டு. வண்டி ஓடுகையில் எண்ணெயும் உள்ளிருக்கும் காற்றும் சூடேறும், காற்று விரியும், விரிந்த காற்று அத்துளை வழியே வெளியேறும். அண்ணாச்சியின் ஜீப்பில் அத்துளை வயற்சேறு படிந்து, காய்ந்து, கல்போல் அடைபட்டிருந்தது. போக வழியில்லாத காற்று எண்ணெயைச் சீலின் உதட்டைத் தாண்டித் தள்ளியது. எத்தனை புதிய சீல் போட்டாலும் இவ்வழுத்தம் இருக்கும்வரை கசிவு நில்லாது. பெரியவர் ஒரு கம்பியால் அச்சேற்றைக் குத்தி எடுத்த வேலை ஐந்து நிமிடமும் ஆகவில்லை.

அதன்பின், சீலின் உதடு உராயும் இரும்புப் பரப்பின் மீது தம் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தடுக்கியது. பல்லாண்டு உராய்ந்து அங்கே மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தின் மேல் புதிய ரப்பர் ஒட்டி நிற்காது. அப்பாகத்தை மாற்றவேண்டும், அல்லது அதன்மேல் மெல்லிய இரும்பு உறை ஏற்றவேண்டும். அண்ணாச்சி பாகத்தையே மாற்றச் சொன்னார். பிரேக் பட்டைகளைப் பெட்ரோலில் கழுவிப் போடலாமா என்று கேட்டதற்குப் பெரியவர் உடன்படவில்லை. எண்ணெய் குடித்த பட்டை கழுவினபோது உலர்ந்ததுபோல் தோன்றும். சூடேறியதும் உள்ளிருந்து மீண்டும் கசியும். அவையும் புதிதாக மாற்றப்பட்டன.

பெரியவர் சொல்லிய வேறு செய்திகளையும் அன்பர்கள் மனத்திற் கொள்க.

கசிவைக் கண்டறியும் முறை: இரவில் வண்டியின் அடியில் பழைய அட்டையை விரித்து வைத்தால், காலையில் எந்த இடத்தில், எந்நிறத்தில் விழுந்தது என்பது தெரியும். கருத்த எண்ணெய் முன்புறத்தே விழுந்தால் பெரும்பாலும் எஞ்சினுடையது. நடுவில் விழும் தடித்த, கந்தக நெடியுடைய எண்ணெய் கியர் ஆயில். புதிய வண்டிகள் சிலவற்றின் டிரான்ஸ்ஃபர் கேஸில் மெல்லிய சிவந்த எண்ணெய் இடுவதும் உண்டு. குளிர்சாதனத்திலிருந்து விழும் தெளிந்த நீரைக் கண்டு அஞ்சவேண்டா. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கி வாரி இறைக்கும். ஆதலால் அடிப்பகுதியை முதலில் துடைத்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டி, ஈரம் காணும் இடங்களுள் மிக மேலும் மிக முன்னும் உள்ளதையே மூலமாகக் கொள்ளல் வேண்டும்.

அளவு பார்க்கும் முறை: சமதரையில் நிறுத்திய வண்டியில், பெட்டியின் பக்கவாட்டில் உள்ள நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நின்றால் பெரும்பாலான வண்டிகளில் சரியான அளவு. எண்ணெயை மாற்றுவோர் நிரப்பும் திருகை முதலில் கழற்றிப் பார்த்த பின்னரே வடிக்கும் திருகில் கை வைத்தல் வேண்டும். முன்னதாக வடித்துவிட்டு, நிரப்பும் திருகு துருப்பிடித்துக் கழலாமற் போனால், எண்ணெயற்ற வண்டியோடு நிற்க நேரும். வண்டிக்குரிய கையேடு சொல்லும் எண்ணெய் அன்றி வேறு இடலாகாது. அளவு குறையாமலும் நிலத்தில் சொட்டாமலும் சில வேளை குற்றம் ஒளிந்திருக்கும். கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்தால், ஒன்றின் எண்ணெய் மற்றொன்றினுள் செல்லும். ஒன்று குறைய, மற்றொன்று நிரம்பி வழியும். ஆகையால் இரண்டையும் சேர்த்தே பார்த்தல் நலம்.

மழைக்காலத்தில் தாம்ஹிணி மலைப்பக்கம் செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை: சூடேறிய பெட்டி குளிர்ந்த நீரில் திடீரென இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளிநீரை உள்ளே இழுக்கும். அத்தகைய பயணத்திற்குப் பின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தாமதமின்றி மாற்றுக. மற்றொன்று, பழைய வகை வண்டிகளை உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரமும் சேர்த்து ஓட்டலாகாது. திருப்பத்தில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு ஓட நேரும். அவ்வேறுபாட்டை ஏற்க வழியின்மையால் பெட்டியும் தண்டுகளும் முறுக்குண்ணும். நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஒத்த தேய்மானத்தோடும் இருக்கவேண்டும் என்பதும் இதனாலேயே.

சரிவில் நிறுத்துவோர் கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் விட்டு, சக்கரத்திற்குக் கல்லும் கொடுக்க. பழைய ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸின் நெம்புகோல் நடுநிலையில் இருந்தால், கியரில் விட்டதும் பயனற்றுப்போகும் என்பதை மறவாதிருக்க.

எண்ணெய் முற்றும் வற்றினால் என்னாகும்? தாங்கிகள் கொதித்து, பற்கள் அரைபட்டு, ஓடும் வேகத்தில் பெட்டி இறுகிக்கொள்ளவும் கூடும். எங்கள் ரயில்வேயில் அச்சின் தாங்கி சூடேறுவதை ஹாட் ஆக்ஸில் என்பர். வண்டி நிலையத்தைக் கடக்கும்போது ஊழியர் வெளியே நின்று இருபுறமும் நோக்குவது, இத்தகைய குற்றங்களை முன்கூட்டியே காணும் பொருட்டே. நெடும்பயணத்தின் இடையே தேநீர் அருந்த நிறுத்தும்போது நாமும் குனிந்து ஒருமுறை வண்டியின் அடியை நோக்கினால் என்ன குறைந்துவிடும்? நான்கு சக்கர இழுவை வண்டி வழியில் நின்றுவிட்டால், இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்துச் செல்ல விடாமல், முழுதும் ஏற்றிச் செல்லும் வாகனத்தையே அழைத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றப் போன பையனைப் பெரியவர் தடுத்து, ஒரு டப்பாவில் அடைத்துப் பழைய எண்ணெய் சேகரிப்போரிடம் கொடுக்கச் செய்தார். பாணேரின் சாக்கடை ராம் நதியைச் சேரும். ராம் நதி முளாவிலும், முளா பீமாவிலும், பீமா கிருஷ்ணையிலும் கலக்கும். அக்கிருஷ்ணையிலிருந்து மகாராஷ்டிரம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் பங்கில் 5 டி.எம்.சி. வீதம் சென்னையின் குடிநீருக்கென ஒதுக்க இசைந்தன. 1996ஆம் ஆண்டு முதல் அந்நீர் பூண்டி ஏரிக்கு வந்து சேர்கிறது. இங்கே நாம் ஆற்றுக்குச் செய்யும் தீங்கு நம் உறவினரின் குடத்தை நோக்கியே செல்லும் வழி இது.

அண்ணாச்சியின் ஜீப் இப்போது சொட்டுவதில்லை. ஆயினும் தகரத் தட்டை அவர் எடுத்துவிடவில்லை; நாள்தோறும் காலையில் அது உலர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்த பின்னரே வண்டியில் ஏறுகிறார். நிறுத்தும்போது சக்கரத்தின் கீழ் வைப்பதற்கென ஒரு கருங்கல்லையும் வைத்திருக்கிறார். அன்று பந்து விளையாடிய சிறுவர் இருவரில் ஒருவன் என் மகன். அக்கல்லை எடுத்து வைப்பது தன் கடமை என்று அவன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.