பற்றரி உள்ள கிற்றாரா, இல்லாத கிற்றாரா?

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு பெண்பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "மாமா, அப்பாட கிற்றார் உங்களிட்ட இருக்குதெண்டு அம்மா சொன்னவ" என்றாள். முகத்தைப் பார்த்தவுடன் யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிட்டது.

அவளுடைய தகப்பனும் நானும் திருகோணமலையில் ஒரே இசைக்குழுவில் வாசித்தவர்கள். பரமேஷ், கோணேஷ் சகோதரர்களின் பொப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பாலையூற்றுப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் ஆட்டமும் பாட்டும் விடியும்வரை நடக்கும். கிற்றார் எங்களுக்கு அந்நியமான வாத்தியம் அல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு பொழுதுபட்டால் யாரும் வெளியே இறங்கவில்லை. பாட்டும் நின்றுபோனது. அந்த வருட நடுப்பகுதியில் மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டபோது, அவன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் படகேறத் தீர்மானித்தான். ஜேர்மனியிலிருந்து தமையன் அனுப்பிய கிற்றாரை என்னிடம் தந்து, "வந்து எடுக்கிறன், வைச்சிரு" என்றான். அவன் வரவில்லை. தமிழ்நாட்டு முகாமிலேயே காலமானான்.

பிள்ளைக்காகப் பதினேழு வருடங்களின் பின் அந்தப் பெட்டியைத் திறந்தேன். கிற்றாரின் பின்பக்க மூடியைக் கழற்றியதும் நெஞ்சு திக்கென்றது. உள்ளே இருந்த 9 வோல்ட் பற்றரி கசிந்து, வெள்ளை உப்புப் பூத்து, வயரெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. அதே காலத்தில் அலுமாரிக்கு மேலே போட்டுவைத்த என்னுடைய பழைய கிற்றார், கம்பி துருப்பிடித்திருந்தாலும், புதுக் கம்பி போட்டவுடன் பாடியது. அதில் பற்றரி இல்லை.

பிறகு அவள் கேட்டாள்: "அப்ப நான் புதுசா ஒண்டு வாங்கினா எதை வாங்கிறது, மாமா?" அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது எங்கள் பகுதியில் பல பிள்ளைகள் கிற்றார் பழகுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் சொந்தக்காரரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

மின்சாரக் கிற்றாரில் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பட்டைகளுக்குப் பிக்அப் என்று பெயர். அதற்குள் காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியும் இருக்கும். உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது; அந்த அசைவு செப்புச் சுருளில் சிறிய மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. 1831இல் பரடே கண்டுபிடித்த விதிதான் இது. சைக்கிள் டைனமோ வேலைசெய்வதும் இப்படித்தான். வடக்கில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பசிவ் பிக்அப்பில் இதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பதால் வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படாது. அக்ரிவ் பிக்அப்பில் சுற்றுகள் குறைவு, பிறக்கும் மின்சாரமும் குறைவு. அதை உயர்த்திக் கொடுக்க உள்ளேயே ஒரு சிறிய அம்ப்ளிபயர் இருக்கும். அதற்குத்தான் பற்றரி. 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈஎம்ஜி நிறுவனம் இந்த வகையைப் பிரபலமாக்கியது. மெற்றாலிக்கா குழுவினரின் கடும் சத்தத்துக்கும் ஈஎம்ஜி, பிங்க் ஃபுளொய்டின் டேவிட் கில்மோர் 1980களின் பிற்பகுதியில் வாசித்த தெளிவான இசைக்கும் ஈஎம்ஜிதான். ஆகவே அக்ரிவ் என்றால் இரைச்சல் இசைக்கு மட்டும் என்பது சரியல்ல.

அக்ரிவின் முதல் நன்மை கேபிளில் தெரியும். கேபிள் நீள நீள, பசிவ் கிற்றாரின் கூர்மையான ஒலிகள் தேய்ந்துபோகும். ஐந்தாறு மீற்றர் வரை பிரச்சினை இல்லை. கோயில் திருவிழா மேடையில் இருபது மீற்றர் கேபிள் இழுத்து, நேராக மிக்சரில் செருகினால் சத்தம் மந்தமாகிவிடும். அக்ரிவ் இதைத் தாங்கும். பசிவ் வைத்திருப்பவர்கள் இடையில் ஒரு டிஐ பொக்ஸ் பாவித்தால் போதும்.

இரண்டாவது இரைச்சல். எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பசிவ் பிக்அப் அந்த 50 ஹேர்ட்ஸை அப்படியே பிடித்து "ம்ம்ம்" என்று முனகும். அக்ரிவ் மிகவும் அமைதியானது. ஆனால் இதற்காக மட்டும் பற்றரிக்குப் போகத் தேவையில்லை. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் இருக்கிறது. எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்கள் இரைச்சலை ஒன்றையொன்று அழித்துவிடும். அதற்குப் பற்றரி வேண்டாம்.

மூன்றாவது உயிர் சம்பந்தமானது. பசிவ் கிற்றாரில் கம்பிகள் எர்த்தோடு இணைந்திருக்கும். அதனால்தான் கம்பியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைகிறது. ஜெனரேற்றரில் ஓடும் மேடையில் எர்த் ஒழுங்காக இல்லையென்றால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு படும்போது கறண்ட் அடிக்கலாம். 1972இல் பிரித்தானியக் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டு இறந்துபோனார். ஈஎம்ஜி போன்ற அக்ரிவ் பிக்அப்களில் கம்பியை எர்த்தோடு இணைப்பதில்லை. ஆபத்து குறையும், ஆனால் இல்லாமல் போகாது. எந்தக் கிற்றார் என்றாலும் பாடத் தொடங்க முன் மைக்கையும் அம்ப்ளிபயரையும் ரெஸ்ரர் வைத்துப் பாருங்கள். அம்ப்ளிபயரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கத்தை விடுங்கள்.

பசிவின் பலம் வேறு. வொலியூமைக் குறைத்தால் ஒலியின் குணமே மாறும். விரலை மெல்ல வைத்தால் மெல்லப் பேசும். பலர் அதை உயிர்ப்பு என்பார்கள். பழுதானால் எங்கள் ஊர் ரேடியோ திருத்துபவரே ஈயம் பற்றவைத்துச் சரிசெய்து தருவார். அக்ரிவ் பிக்அப் பசையால் மூடி அடைக்கப்பட்டது. உள்ளே பழுதென்றால் புதிதுதான் வாங்க வேண்டும்.

பற்றரிச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு நல்ல அல்கலைன் பற்றரி ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் உழைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கேபிளைச் செருகினால்தான் பற்றரி இணையும். வாசித்து முடிந்தபின் கேபிளைக் கழற்றாமல் விட்டால் சும்மா இருந்தே இறங்கிப்போகும். சத்தம் கரகரக்கத் தொடங்கினால் பற்றரி முடிகிறது என்று அர்த்தம். சில மாதம் வாசிக்கப் போவதில்லையென்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கடற்காற்று அடிக்கும் எங்கள் ஊரில் இது இன்னும் முக்கியம். 2022இல் இறக்குமதி நின்று, பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்த நாட்களையும் நினைத்துப் பாருங்கள். எது எப்போது கடையில் இல்லாமல் போகும் என்று இந்த நாட்டில் சொல்ல முடியாது.

ஆகவே என் பதில் இது. ஒரேயொரு கிற்றார்தான் வாங்க முடியும் என்றால் ஹம்பக்கர் பூட்டிய பசிவ் கிற்றார் வாங்குங்கள். மேடை மேடையாகப் போகிறீர்கள், நீளக் கேபிள், கனத்த சத்தம் என்றால் அக்ரிவ் நல்லது. பெட்டிக்குள் இன்னொரு பற்றரி எப்போதும் இருக்கட்டும்.

நண்பனின் கிற்றாரை எறியவில்லை. அல்கலைன் பற்றரியின் கசிவு காரத் தன்மையானது என்பதால், வினாகிரியில் தோய்த்த பஞ்சால் துடைத்தேன். பற்றரிக் கிளிப்பையும் ஜக்கையும் நான்கு வயர்களையும் மாற்றினேன். மூடி அடைத்திருந்ததால் பிக்அப்புக்குள் கசிவு இறங்கவில்லை. புதுப் பற்றரி போட்டுச் செருகியபோது சத்தம் வந்தது. 2006இல் அந்த ஒரு பற்றரியைக் கழற்றி வைத்திருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது. அவனுடைய பொருளைத் தொட மனம் வரவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதுகாப்பதென்றால் தொடாமல் வைத்திருப்பது என்று நினைத்தது என் பிழை.

பிள்ளை புதுக் கிற்றார் வாங்கவில்லை. தகப்பனுடையதையே கொண்டுபோனாள். போகும்போது பற்றரியைக் கழற்றி, அவளுடைய கையில் தனியாகக் கொடுத்துவிட்டேன்.