மதுபோதையில் வாகனம் ஓட்டுதலும் வாகனக் காப்பீடும்

மதுபோதையில் வாகனம் ஓட்டித் தண்டனை பெற்றவர்கள், அதன் பின்னர் "அதிக இடர்க் காப்பீடு" என்னும் தனிவகைக் காப்பீட்டைக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும் என்பது பரவலாக நிலவும் ஒரு கருத்தாகும். இக்கருத்து ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கு ஓரளவு பொருந்தும். இந்தியாவுக்குப் பொருந்தாது. இந்தியச் சட்டம் அவ்வாறான தனிக் காப்பீடு எதனையும் கேட்பதில்லை. எனினும், இதிலிருந்து போதையில் ஓட்டுபவருக்குக் காப்பீட்டினால் சிக்கல் இல்லை என்று முடிவு செய்வது அதைவிடப் பெரிய தவறாகும். இங்கு சுமை பிரீமியத்தில் தெரிவதில்லை. விபத்து நேர்ந்த பின்னரே தெரிகிறது.

அமெரிக்க நடைமுறை

இக்கருத்தின் மூலம் அமெரிக்காவின் "எஸ்ஆர்-22" என்னும் படிவம் ஆகும். இது ஒரு காப்பீடு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இது ஒரு சான்றிதழ் மட்டுமே. குறிப்பிட்ட நபர் சட்டம் கோரும் குறைந்தபட்சக் காப்பீட்டை வைத்திருக்கிறார் என்று காப்பீட்டு நிறுவனம் மாநில அரசுக்கு அளிக்கும் உறுதி அது. பல மாநிலங்களில் மூன்று ஆண்டுகள் இதனைத் தொடர வேண்டும். இடையில் காப்பீடு காலாவதியானால் நிறுவனம் அரசுக்குத் தெரிவிக்கும். ஓட்டுநர் உரிமம் நிறுத்தி வைக்கப்படும். படிவத்துக்கான கட்டணம் சிறிது. பிரீமியம் உயர்வதற்குக் காரணம் படிவம் அன்று, தண்டனையே ஆகும். சொந்தமாக மகிழுந்து இல்லாதவரும் உரிமத்தைத் திரும்பப் பெற இச்சான்றிதழை அளிக்க வேண்டியிருக்கலாம்.

எல்லா மாநிலங்களும் இதனைப் பின்பற்றுவதில்லை. நியூயார்க், பென்சில்வேனியா ஆகியவற்றில் எஸ்ஆர்-22 இல்லை. புளோரிடாவும் வர்ஜீனியாவும் போதைக் குற்றத்துக்கு "எஃப்ஆர்-44" என்னும் கடுமையான படிவத்தைக் கேட்கின்றன. புளோரிடாவில் அதற்கு ஒருவரின் உடற்காயத்துக்கு 1,00,000 டாலரும், ஒரு விபத்துக்கு 3,00,000 டாலரும் காப்பு இருத்தல் வேண்டும்.

இந்தியச் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 185 ஆம் பிரிவின்படி 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருந்தால் அது குற்றமாகும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் இவை இரண்டு ஆண்டு, 15,000 ரூபாய் என உயரும். தமிழ்நாட்டில் திருத்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015 இல் அளித்த அறிவுறுத்தலின்படி உரிமத்தையும் குறைந்தது மூன்று மாதங்களுக்கு நிறுத்தி வைக்கலாம்.

இவற்றில் எதுவும் காப்பீட்டைத் தொடுவதில்லை. அனைத்து வாகனங்களுக்கும் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியம் அரசால் நிர்ணயிக்கப்படுகிறது. 2022 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதத்தில், 1000 முதல் 1500 சிசி வரையான தனியார் மகிழுந்துக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். குடிப்பழக்கமே இல்லாதவருக்கும் இருமுறை தண்டனை பெற்றவருக்கும் இதே தொகைதான். சொந்தச் சேதக் காப்பீட்டில் கிடைக்கும் "நோ கிளெய்ம் போனஸ்" தள்ளுபடியும் (20 முதல் 50 விழுக்காடு வரை) இழப்பீடு கோரினால் போகும்; தண்டனை பெற்றதால் போகாது.

விபத்து நேர்ந்தால்

"முழுக் காப்பீடு எடுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் பணம் கிடைக்கும்" என்பது இந்தியாவில் மிகுந்த இழப்பைத் தரும் தவறான கருத்து எனலாம். திருவண்ணாமலையைக் கொண்டு இதனை விளக்கலாம். இங்குள்ள கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் ஒரு பகுதி செங்கம் சாலையாகும். பௌர்ணமி இரவுகளில் பாதை முழுவதும் மக்கள் நடக்கின்றனர். மற்ற இரவுகளிலும் நடப்பவர்கள் உண்டு, ஆனால் அப்போது வாகனங்களும் உடன் செல்கின்றன. போதையில் உள்ள ஒருவர் தம் மகிழுந்தால் அங்கு நடந்து செல்பவரை மோதி, பின் மரத்திலும் மோதுகிறார் என்று கொள்வோம்.

மகிழுந்தின் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. ஓட்டுபவர் மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் இருந்தால் நிறுவனம் பொறுப்பாகாது என்பது வழக்கமான காப்பீட்டு ஒப்பந்தத்தின் விலக்குகளுள் ஒன்று. உரிமையாளரே ஓட்டிக் காயமுற்றாலோ இறந்தாலோ, 15 இலட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும் இதே விலக்கால் கிடைக்காது.

"மூச்சுப் பரிசோதனை செய்யப்படாவிட்டால் போதையை மெய்ப்பிக்க இயலாது" என்பதும் சரியன்று. 2007 டிசம்பர் 22 அன்று தில்லியில் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான போர்ஷே மகிழுந்து நடைபாதையில் மோதித் தீப்பற்றி அழிந்தது. ஓட்டியவருக்கு மூச்சுப் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ நடக்கவில்லை. மருத்துவக் குறிப்பில் மது வாடை பற்றி மட்டுமே இருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் இது போதாது என்றது. ஆனால் 2021 ஏப்ரலில் இஃப்கோ டோக்கியோ எதிர் பேர்ல் பெவரேசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், விபத்து நடந்த விதம் உள்ளிட்ட பிற சூழ்நிலைகளைக் கொண்டும் காப்பீட்டு நிறுவனம் இதனை மெய்ப்பிக்கலாம் எனத் தீர்ப்பளித்து, இழப்பீட்டை மறுத்ததை ஏற்றது.

மோதப்பட்டவரின் நிலை வேறு. அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அல்லர். ஓட்டுநர் குடித்ததற்கு அவர் பொறுப்பும் அல்லர். எனவே நீதிமன்றங்கள் "செலுத்தி மீட்டல்" என்னும் வழியைக் கையாண்டன. இதன்படி நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்தும்; பின்னர் அத்தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும். கேரள உயர் நீதிமன்றம் 2023 இலும், சென்னை உயர் நீதிமன்றம் 2025 இலும் இவ்வாறு தீர்ப்பளித்தன. இரண்டாவது வழக்கில் இறந்தவர் சாலையில் நடந்து சென்றவர். தீர்ப்பாயம் நிறுவனத்தை முற்றிலும் விடுவித்திருந்ததை உயர் நீதிமன்றம் மாற்றியது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விரு வழக்குகளின் விபத்துகளும் பழைய சட்டக் காலத்தவை. 1988 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனம் எதிர்வாதமாக எழுப்பக்கூடிய ஒப்பந்த மீறல்களுள் மதுபோதையைச் சேர்க்கவில்லை. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 150 ஆம் பிரிவு அதனைச் சேர்த்தது. இப்பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உரிமம் நிறுத்தப்பட்ட காலத்தில் ஓட்டுதலும் அதே பட்டியலில் உள்ளது. ஆகவே, நடந்து சென்றவரின் குடும்பம் தீர்ப்பாயத்தில் இப்போது கூடுதல் எதிர்வாதத்தைச் சந்திக்க நேரிடும். உரிமையாளரைப் பொறுத்தவரை இரண்டு வழியிலும் முடிவு ஒன்றே: தொகை அவர் தலையில் விழும். "காப்பீட்டுக்காரர் கட்டிவிட்டார், வழக்கு முடிந்தது" என்று நினைத்திருப்பவருக்குச் சில ஆண்டுகள் கழித்து வசூல் நடவடிக்கை வரும். வாகனத்தை ஓட்டியது நண்பராக இருந்தாலும் நிலை மாறுவதில்லை.

போக்குவரத்து மீறல் பிரீமியம்

அமெரிக்க முறைக்கு நெருங்கிய ஒன்று இந்தியாவிலும் பரிந்துரைக்கப்பட்டது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் அமைத்த பணிக்குழு 2021 சனவரியில் ஒரு வரைவை வெளியிட்டது. ஒவ்வொரு போக்குவரத்து மீறலுக்கும் புள்ளிகள் வழங்கி, அதற்கேற்பத் தனியாக ஒரு பிரீமியத்தை வசூலிக்கலாம் என்பது அதன் கருத்து. மதுபோதையில் ஓட்டுதலுக்கு 100 புள்ளிகள். தவறான இடத்தில் நிறுத்துவதற்கு 10 புள்ளிகள். முதலில் தில்லியில் சோதித்துப் பார்க்கவும் குழு பரிந்துரைத்தது. நாடு முழுவதற்குமான விதியாக இது அறிவிக்கப்படவில்லை. அவ்வரைவிலும் புள்ளிகள் ஓட்டுநரின் பெயரில் அன்றி வாகனத்தின் பெயரிலேயே சேர்ந்தன. வாகனத்தை விற்றால் வாங்கியவருக்குக் கணக்கு புதிதாகத் தொடங்கும். விற்றவர் வாங்கும் புதிய வாகனத்துக்கும் அவ்வாறே.